“ஃபார்மட் பண்ணிடலாமா, ஸார்?”

ஆவடி பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை, எந்த லேப்டாப் ரிப்பேர் கடைக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள். பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்து, “ரொம்ப ஸ்லோவா இருக்கு, தம்பி” என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்து விழும்.

“ஃபார்மட் பண்ணிடலாமா, ஸார்?”

ஜலதோஷம் என்று போனால், “ஆபரேஷன் பண்ணிடலாமா?” என்று டாக்டர் கேட்டால் எப்படிப் பதறுவோம்! லேப்டாப் விஷயத்தில் மட்டும் மண்டையை மண்டையை ஆட்டிவிடுகிறோம். போதாக்குறைக்கு, நாமே ஒரு சந்தேகத்தையும் கிளப்புகிறோம்.

“இதுல சி.டி. போடற இடமே இல்லையே... எப்படிப்பா பண்ணுவே?”

“அதெல்லாம் நம்மகிட்ட இருக்கு ஸார்!” என்று தம்பி மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுப்பார். காலையிலிருந்து வந்த அத்தனை பெட்டிக்கும் அதே பென் டிரைவ்தான். எல்லா வியாதிக்கும் ஒரே கஷாயம்!

அந்தப் பென் டிரைவ் சொருகப்படுவதற்கு முன்னால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. “ஃபார்மட் வேண்டாம் தம்பி, ஃபேக்டரி ரீசெட் பண்ண முடியுமா பாரு.” இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை ஸார், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கம்ப்யூட்டர் மேஜை மேல் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்த காலத்தில், வாங்கும்போதே கூட ஒரு சி.டி. கொடுப்பார்கள். மக்கர் செய்தால் அதைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். பிறகு குட்டி லேப்டாப்கள் வந்தன. 2007-ல் தைவானின் ஆசுஸ் கம்பெனி ‘ஈ பி.சி.’ என்று 7 அங்குலத் திரையோடு ஒன்றைக் கொண்டுவந்தது. 2008-ல் நம் ஊர் எச்.சி.எல்., ‘மைலீப்’ என்று ஒரு குட்டியை இறக்கியது. அதே வருஷம் ஏஸரின் ‘ஆஸ்பையர் ஒன்’. எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும் என்று எதை எதையோ கழற்றினார்கள். முதலில் போனது டிஸ்க் டிரைவ்.

சரி, டிரைவ் போயிற்று. சி.டி.யில் இருந்த சமாசாரம் எங்கே போயிற்று?

பெட்டிக்குள்ளேயே போயிற்று! நம் வீட்டுப் பரண் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி ஹார்டு டிஸ்க்கில் ஒரு மூலையை ஒதுக்கி, வாங்கிய அன்று இருந்த விண்டோஸ், அந்த மாடலுக்கான டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து மூட்டைகட்டி வைத்தார்கள். பல மாடல்களில் 10 ஜி.பி.யை ஒட்டி இருக்கும். ‘மை கம்ப்யூட்டர்’ போய்ப் பார்த்தால் கண்ணில் படாது. வேண்டுமென்றேதான் மறைத்தார்கள். ‘இது என்ன தேவையில்லாம இடத்தை அடைச்சுக்கிட்டு’ என்று நாம் அழித்துவிடுவோம் என்று தெரியும் அவர்களுக்கு.

லினக்ஸோடு வந்த ஈ பி.சி.யில் இந்தத் தந்திரம் இன்னும் அழகு. அசல் சிஸ்டம் ஒரு பகுதியில், தொட முடியாதபடி இருக்கும். நீங்கள் செய்கிற மாற்றமெல்லாம் வேறொரு பகுதியில் போய் உட்காரும். படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, தாளின் மேல் கிறுக்குவது மாதிரி! ஆரம்பிக்கும்போது எஃப்-9 பட்டனை அமுக்கி ‘ரிஸ்டோர்’ என்று சொன்னால், கிறுக்கின தாளை உருவிப் போட்டுவிடும். அடியில் அசல் படம் அப்படியே இருக்கும்.

இப்போது கடைத் தம்பியிடம் வருவோம். அவர் ‘ஃபார்மட்’ என்று சொல்வது என்னவென்றால், வீட்டை இடிப்பது. பரணையும் சேர்த்து! சில பேர் இடித்துவிட்டு, “ஸார், உங்களுக்கு 10 ஜி.பி. எக்ஸ்ட்ராவா கிடைச்சிருக்கு” என்று சந்தோஷமாக வேறு சொல்வார்கள். அதோடு கம்பெனி கொடுத்த காசு கட்டிய விண்டோஸ் காலி. பதிலுக்கு வருவது, பல கடைகளில், கிராக் போட்ட விண்டோஸ். கொஞ்ச நாளில் திரையின் வலது பக்க மூலையில் ‘இது ஒரிஜினல் அல்ல’ என்று எழுத்து முளைக்கும். அதுகூடப் பரவாயில்லை, அந்தக் கிராக்குக்குள் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு அதே லேப்டாப்பில்தானே பேங்க் பாஸ்வேர்டை அடிக்கப்போகிறீர்கள்!

(கடைக்காரர்களை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. ‘ஒரிஜினல் போடுங்க’ என்று காசை நீட்டும் கஸ்டமரும் அபூர்வம்தானே!)

பரணுக்கு ஏணி எங்கே? அங்கேதான் கம்பெனிகள் நம்மைப் படுத்துகின்றன. ஆளுக்கு ஒரு பட்டன். பவர் போட்டவுடனேயே தட்ட ஆரம்பிக்க வேண்டும், விண்டோஸ் படம் வந்துவிட்டால் பஸ் போய்விட்டது. ஆசுஸ் என்றால் எஃப்-9. எச்.பி.க்கு எஃப்-11. சாம்சங்குக்கு எஃப்-4. தோஷிபா வித்தியாசமான பேர்வழி; பூஜ்யத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பவரைப் போட வேண்டும். டெல்லில் விண்டோஸ் 7 காலத்துப் பெட்டி என்றால் எஃப்-8 தட்டி, ‘ரிப்பேர்’ என்று வருவதற்குள் போய்த் தேடணும். லெனோவோவில் பல மாடல்களுக்குப் பட்டனே வேறு. பவர் பட்டன் பக்கத்திலோ, ஓரத்திலோ ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருக்கும். பெட்டி அணைந்திருக்கும்போது குண்டூசியால் அங்கே ஒரு குத்து! மெனு வரும்.

ஏஸருக்கு ஆல்ட்டும் எஃப்-10-ம் சேர்த்து. வரவில்லையா? எஃப்-2 அடித்து பயாஸுக்குள் போய், ‘டி2டி ரெகவரி’ என்பது ‘எனேபிள்’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் எதையும் வைக்காதவரை ஆறு பூஜ்யம்தான் பாஸ்வேர்டு. ஊருக்கே தெரிந்த ரகசியம்!

பட்டனைக் கண்டுபிடித்த குஷியில் உடனே ‘யெஸ்’ அடித்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. “போட்டோ எல்லாம் டி டிரைவ்ல போட்டிருக்கேன் ஸார், அது பத்திரம்.” பாதி உண்மை. சில மாடல்களின் ரெகவரி, சி-யை மட்டும் துடைக்கும். சில மாடல்கள் மொத்த டிஸ்க்கையும் துடைத்து, வாங்கிய அன்று எப்படிப் பிரித்திருந்தார்களோ அப்படியே மாற்றிவிடும். அக்கா கல்யாண போட்டோ, காலமான தாத்தாவின் வீடியோ, எட்டு செமஸ்டர் மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாமே டி-யோடு கங்கையில் கரைந்ததுதான். லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். தாத்தாவின் குரலை எந்த ரிச்சி தெருவில் வாங்குவது?

“விண்டோஸே வர மாட்டேங்குது, நான் எங்கேர்ந்து காப்பி எடுக்கறது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சில வீடுகளில் லேப்டாப்புக்கு உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். அப்போது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாமே அந்த மாவட்டம்தான் (அம்பத்தூர் பிறகுதான் சென்னை மாவட்டத்துக்கு வந்தது). எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் ஒரு விசேஷம். விண்டோஸோடு கூட ‘பாஸ் லினக்ஸ்’ என்று இன்னொரு சிஸ்டமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்தது. பெட்டியைப் போட்டதும் ‘இதுவா, அதுவா?’ என்று மெனு கேட்கும். எத்தனையோ பேர் ‘அது’ பக்கமே போகாமல் டிகிரி வாங்கிவிட்டார்கள்!

அந்த ‘அது’தான் ஆபத்பாந்தவன். விண்டோஸ் மண்டையைப் போட்டால், மெனுவில் பாஸைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாக விண்டோஸ் டிரைவ்களும் அதில் கண்ணுக்குத் தெரியும். ஃபைல்களை ஒரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட்டில் இறங்கலாம். ஒரு எச்சரிக்கை: ரீசெட் செய்தால் பாஸும் சேர்ந்து போகலாம். அதனால் காப்பி முதலில், ரீசெட் அப்புறம்.

பாஸ் இல்லாத பெட்டி என்றால், நண்பர் லேப்டாப்பில் ஏதாவது ஒரு லினக்ஸை இலவசமாக இறக்கி, ‘ரூஃபஸ்’ என்ற குட்டி புரோகிராம் மூலம் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியை அந்தப் பென் டிரைவிலிருந்து கிளப்பினால், எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும். (கிளப்ப எஃப்-12, எஃப்-9, எஸ்கேப் என்று இதற்கும் ஆளுக்கு ஒரு பட்டன். என்ன செய்ய!) ஹார்டு டிஸ்க்கில் கை வைக்காமல் ஃபைல்களை அள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு நிலைமை கொஞ்சம் சுலபமாயிற்று. ரீசெட் வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் நீல நிற மெனு வரும். விண்டோஸ் உள்ளேயே போகாமல் சண்டித்தனம் செய்தால், ஏறும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று தடவை செய்தால் விண்டோஸே, ‘என்னமோ சரியில்லை’ என்று புரிந்துகொண்டு அதே மெனுவைக் காட்டும். ‘என் ஃபைல்கள் இருக்கட்டும்’, ‘எல்லாவற்றையும் அழி’ என்று இரண்டு வழி. முதல் வழியில் போட்டோக்கள் தப்பும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போகும்.

இங்கேயும் ஒரு கண்ணிவெடி உண்டு. புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அந்த மெனுவுக்குள் போனதும் 48 இலக்கத்தில் ஒரு சாவி கேட்கும். முதலில் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது பத்திரமாக இருக்கும். ‘அந்த அக்கவுன்ட்டைக் கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார், பாஸ்வேர்டு ஞாபகமில்லை’ என்றால்... ஊஹும். ஃபைல்களுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். நல்லா இருக்கும்போதே அந்தச் சாவியை எடுத்து எழுதி வையுங்கள்.

பரணை ஏற்கெனவே இடித்தாகிவிட்டது என்றால்? அழ வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த பெட்டிகளில் லைசென்ஸ் நம்பரை மதர்போர்டிலேயே எழுதிவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே ரக விண்டோஸை 8 ஜி.பி. பென் டிரைவில் இறக்கி ஏற்றினால், நம்பரைத் தானே படித்துக்கொள்ளும். கிராக்கும் வேண்டாம், கீயும் வேண்டாம். டெல், எச்.பி., லெனோவோ கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே. பெட்டிக்கு அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் கொடுத்தால், பல மாடல்களுக்கு அசல் ரெகவரி மூட்டையையே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடைத் தம்பியிடம் கொடுத்து, “இதைப் போட்டுக் கொடுப்பா” என்று சொன்னால் அவரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. கூலி அதே கூலிதான்!

பழைய குட்டிகள் விஷயத்தில் ஒரு கசப்பான உண்மை. ரீசெட் முடிந்து பளிச்சென்று நிற்கும். ஆனால், கும்பகர்ணன் மாதிரி பல வருஷம் தூங்கி எழுந்தது அது. உலகம் எங்கேயோ போய்விட்டது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் கைகழுவிவிட்டது. அதற்கான குரோம் 2023-ன் ஆரம்பத்தோடு நின்றது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். தவிர, அந்தக் குட்டிகளில் வந்த விண்டோஸ் 7 ‘ஸ்டார்ட்டர்’ இருக்கிறதே, வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத கருமி!

1 ஜி.பி. ராம் உள்ள குட்டிக்கு, இன்டெல் ஆட்டம் என்-270 சிப் போட்டதற்கு, என் ஓட்டு லினக்ஸுக்குத்தான். அந்தச் சிப் 32-பிட். இப்போது பல லினக்ஸ்கள் 32-பிட்டைக் கைவிட்டுவிட்டன; டெபியன்கூட 2025-ல் வந்த 13-ம் பதிப்பில் அதற்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. டெபியன் 12, ‘ஆன்ட்டி-எக்ஸ்’ மாதிரி லேசானவை ஓடும். தங்கைக்கு டைப்பிங் பழக, அப்பாவுக்குப் பழைய பாட்டு கேட்க, தாராளம். யூடியூபை எதிர்பார்த்தால் சினிமா, ஸ்லைடு ஷோவாகத்தான் ஓடும்.

விற்கப்போகிறவர்கள் கதை வேறு. “எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன் ஸார்” என்று ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து கொடுத்துவிடுகிறார்கள். அழித்த ஃபைலைத் தோண்டி எடுக்கிற புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆதார் ஸ்கேனும், பான் கார்டும், பாஸ்புக் முதல் பக்கமும் முகம் தெரியாதவர் கைக்குப் போக வேண்டுமா? ரீசெட்டில் ‘எல்லாவற்றையும் அழி’ கொடுத்து, அதற்குள் ‘டிரைவைச் சுத்தம் செய்’ என்று வருவதையும் சேர்த்துக் கொடுங்கள். மணிக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

ரீசெட் ஓடும்போது சார்ஜரைச் சொருகியே வைத்திருக்க வேண்டும். பழைய பாட்டரியை நம்பி நடுவில் கரன்ட் போனால், பாதி இடித்த வீடு மாதிரி அம்போ என்று நிற்கும். ‘99 சதவிகிதம்’ என்று காட்டியபடி அரை மணி நேரம் அசையாது. பட்டனில் கை வைக்காமல் போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எல்லாம் முடிந்து பெட்டி பளபளவென்று நிற்கும்போது, உடனே இன்னொரு வேலை. தேடும் கட்டத்தில் ‘ரெகவரி டிரைவ்’ என்று தட்டினால் ஒரு புரோகிராம் வரும் (விண்டோஸ் 7-ல் கம்பெனியின் ரெகவரி புரோகிராமைத் தேடணும்). 16 ஜி.பி., முடிந்தால் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் சொருகி, பரணில் இருப்பதை அதில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பிருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாகப் பாருங்கள். லேப்டாப் மாடலை ஒரு பேப்பரில் எழுதி அதில் ஒட்டி, ரேஷன் கார்டு, கேஸ் புக்கோடு பீரோவில் வையுங்கள். ரெண்டே நாளில் மச்சினன் வந்து, “மாமா, சும்மாதானே கிடக்கு, ஒரு படம் ஏத்திட்டுத் தரேன்” என்று அதைக் கேட்பான். கொடுத்துவிடாதீர்கள்!