தெரிந்தே உணவுக்கலத்தில் சேர்க்கப்பட்ட ஹார்மோன் போலி

நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், மிக நுண்ணிய அளவிலேயே உடலெங்கும் பரவி, உயிரணுக்களில் உள்ள ஏற்பிகள் எனப்படும் தனிவகைப் புரதங்களில் பொருந்திய பின்னரே வளர்ச்சியையும் பூப்பையும் கருத்தரிப்பையும் நெறிப்படுத்துகின்றன. ஆனால், ஹார்மோனை ஒத்த வடிவமுடைய அயற்பொருள் வந்து சேர்ந்தாலும் ஏற்பி அதற்கு இடங்கொடுத்துவிடக்கூடும். அவ்வாறு புகுந்து உடலின் ஆணைகளைக் குழப்பும் வேதிப்பொருள்கள் ஹார்மோன் சீர்குலைப்பிகள் எனப்படுகின்றன.

அவற்றுள் பிஸ்ஃபீனால் ஏ (பி.பி.ஏ.) என்பதன் வரலாறு வேதனைக்குரியது. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்குச் செயற்கை மாற்றுத் தேடிய ஆங்கில அறிவியலாளர் சார்லஸ் டாட்ஸ், சூலகம் நீக்கப்பட்ட எலிகளில் இப்பொருள் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயற்படுவதை 1936இலேயே கண்டறிந்து வெளியிட்டார். இதனினும் பன்மடங்கு வீரியமுள்ள வேறொரு பொருள் 1938இல் கிடைத்துவிட்டதால் இது மருந்தாகவில்லை. எனினும் 1950களில், உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கும் உணவு டப்பாக்களின் உட்பூச்சான எபாக்சிக்கும் இதுவே மூலப்பொருளாயிற்று. அதன் ஹார்மோன் இயல்பு அச்சிலேறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்திருந்த நிலையில் நிகழ்ந்த இதனை அறியாமை என்று மன்னிக்க இயலாது.

பாலிகார்பனேட்டில் மூலக்கூறுகளை இணைக்கும் பிணைப்புகள் வெப்பத்தாலும் காரத்தன்மையாலும் சிறிது சிறிதாக அறுபடுவதால், கொதிக்கும் பாலை ஊற்றிய புட்டியிலிருந்து இப்பொருள் பாலில் கசிகிறது. அமெரிக்காவில் அறிவியலாளர் பாட்ரிசியா ஹன்ட் ஆய்ந்துவந்த எலிகளின் கருமுட்டைகளில் 1998இல் குரோமோசோம் பிறழ்வுகள் திடீரெனப் பெருகியதற்கும், தவறான சோப்புக் கரைசலால் கழுவப்பட்டுச் சிதைந்த பாலிகார்பனேட் கூண்டுகளே காரணமெனப் பின்னர் தெரியவந்தது. மனித உடல் பிஸ்ஃபீனால் ஏ-வைச் சில மணி நேரங்களில் பெருமளவு சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அவ்வாறிருந்தும், 2003–04இல் ஆறு வயதும் அதற்கு மேலுமான அமெரிக்கர்களிடம் நடந்த அரசுக் கணக்கெடுப்பில் 93 விழுக்காட்டினரின் சிறுநீரில் இது காணப்பட்டது. வெளியேறுவது நாள்தோறும் மீண்டும் உட்புகுகிறது என்பதே இதன் பொருள். உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் கருவிலுள்ள சிசுவுக்கோ, தவறான நேரத்தில் வரும் சிறு ஹார்மோன் ஆணையும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும் மாற்றத்தை விளைவிக்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் பால்புட்டிகளில் பிஸ்ஃபீனால் ஏ-வை 2011இல் தடைசெய்தது. அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க அளவை 2023இல் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. எனினும் பல தொழிற்சாலைகள் பிஸ்ஃபீனால் எஸ் என்னும் நெருங்கிய உறவுப் பொருளுக்கு மாறியுள்ளன. ஆய்வகச் சோதனைகளில் அதுவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் பொருந்துகிறது. ஆகவே ‘பி.பி.ஏ. அற்றது’ என்னும் முத்திரையை மட்டும் நம்பாமல், சூடான உணவுக்கும் பாலுக்கும் எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலங்களையே பயன்படுத்துவது நல்லது. உணவைத் தொடும் எந்த வேதிப்பொருளும் ஹார்மோன் சோதனைக்கு உட்பட்ட பின்னரே விற்பனைக்கு வரவேண்டுமென அரசுகள் சட்டமியற்ற வேண்டும்.