கோப்பை உண்டு, பணியிடம் இல்லை: பெண் கால்பந்துப் பயிற்சியாளர்களின் நிலை

புது தில்லி: நாட்டின் ஏதேனும் ஒரு கல்லூரிக்குச் சென்று, "மகளிர் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் யார்?" என்று வினவினால், பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநரையே சுட்டிக்காட்டுவார்கள். தடகளத்துக்கும் அவரே பொறுப்பு. கபடிக்கும் கைப்பந்துக்கும் அவரே பொறுப்பு. மகளிர் கால்பந்துக்கெனத் தனிப் பணியிடம் பொதுவாகக் கல்லூரிகளில் இல்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் மகளிர் கால்பந்துக்கும் மண்டல, அகில இந்தியப் போட்டிகளை நடத்துகிறது. அங்கே விளையாடும் ஒரு மாணவி, பின்னாளில் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியளிக்க விரும்பினால் அவர் முன் இரு பாதைகள் உள்ளன. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதே சிக்கல்.

இரு பாதைகள்

முதலாவது, கல்லூரிப் பணிக்கான பாதை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, உடற்கல்வி இயக்குநராக விரும்புவோர் உடற்கல்வியில் 55 சதவீத மதிப்பெண்களுடன் முதுநிலைப் பட்டமும், பல்கலைக்கழகம் அல்லது கல்லூரி சார்பில் போட்டிகளில் பங்கேற்ற சான்றும் பெற்றிருக்க வேண்டும். தேசியத் தகுதித் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 30 வயதுக்குட்பட்ட பெண்கள் 8 நிமிடங்களில் 1,000 மீட்டரைக் கடக்க வேண்டும் என்றுகூட அவ்விதிகள் வரையறுத்தன. ஆனால் கால்பந்துப் பயிற்சியாளர் உரிமம் எதையும் அவை கோரவில்லை.

இரண்டாவது, விளையாட்டின் பாதை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் 'டி'யில் தொடங்கி 'சி', 'பி', 'ஏ' என உயர்ந்து 'புரோ'வில் முடிகின்றன. ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு. களப்பணி அனுபவமும் தேவை. பட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் மற்றொரு வாயில். இத்தனையும் பெற்ற ஒருவர் கல்லூரி வாசலுக்கு வந்தால், தகுதித் தேர்வுச் சான்று எங்கே என்ற கேள்வியே எழும்.

ஆகவே, ஆட்டத்தில் சிறந்தவர்கள் வேறு துறைகளில் வாழ்வைத் தேடுகின்றனர். அர்ஜுனா (2017), பத்மஸ்ரீ (2020) விருதுகளைப் பெற்ற ஓய்னம் பெம்பெம் தேவிக்கு மணிப்பூர் காவல்துறையே பணி அளித்தது. காவல்துறையும் ரயில்வேயும்தான் இன்றும் பல வீராங்கனைகளின் புகலிடம்.

வென்ற பெண்கள்

வாய்ப்புக் கிடைத்த இடங்களில் பெண் பயிற்சியாளர்கள் சாதிக்கத் தவறவில்லை. கோவாவைச் சேர்ந்த முன்னாள் வீராங்கனை மேமோல் ராக்கி, 2017-இல் இந்திய மகளிர் அணியின் முதல் பெண் தலைமைப் பயிற்சியாளரானார். அவரது பொறுப்பில் அணி 2019-இல் தெற்காசியக் கோப்பையையும், அதே ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கத்தையும் வென்றது. 2021-இல் சொந்தக் காரணங்களைக் கூறி அவர் விலகியபின், ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் டென்னர்பி பொறுப்பேற்றார்.

2017-இல் தொடங்கிய இந்திய மகளிர் லீக்கும் இதையே காட்டுகிறது. 2019-இல் மதுரையின் சேது அணி பட்டம் வென்றபோது அதன் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். அடுத்த ஆண்டு கோகுலம் கேரளா அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்தவர் பி.வி. பிரியா. தொடர்ந்து இரு பருவங்களில் பெண்கள் வென்றனர். ஆனால் 2022 முதல் 2025 வரையிலான நான்கு பட்டங்களும் ஆண் பயிற்சியாளர்களின் அணிகளுக்கே சென்றன.

2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணில் 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்திய இந்தியா, தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாக முன்னேறியது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ்பின் செத்ரி. பிரியா துணைப் பயிற்சியாளர்.

பெண்கள் பயிற்சியாளர்களாக இருப்பது வெறும் எண்ணிக்கைப் பிரச்னை அன்று. 2022-இல் 17 வயதுக்குட்பட்ட மகளிர் அணி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, அதன் துணைப் பயிற்சியாளர் பாலியல் முறைகேட்டுப் புகாரின் பேரில் நீக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அப்பிரிவின் உலகக் கோப்பையை இந்தியாவே நடத்தியது. மகளை வெளியூர் முகாமுக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது, உடன் செல்வது யார் என்பதே.

சட்டம் சொல்வது என்ன?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் செயற்குழுக்களில் குறைந்தது நான்கு பெண்கள் இடம்பெற வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த இடங்கள் நிர்வாகிகளுக்கானவை. களத்தில் நிற்கும் பயிற்சியாளர்களுக்கானவை அல்ல.

அரசியல் சாசனப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வியோ, 1976-இன் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டு இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டுள்ளது. சம்மேளனத்தைக் கேட்டால் கல்லூரி நியமனம் தன் கையில் இல்லை எனலாம். கல்வித்துறையைக் கேட்டால் விளையாட்டு வேறு அமைச்சகம் எனலாம்.

தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. கல்லூரி நியமனத்துக்கான தகுதிகளில், தகுதித் தேர்வுக்கு மாற்றாகப் பயிற்சியாளர் உரிமத்தையும் ஏற்கலாம். ஆசிய, காமன்வெல்த் போட்டிகளில் பதக்கம் வென்ற முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 2018 விதிகளே தனி வழி அளித்திருந்தன. பதக்கத்துக்குத் திறந்த கதவை உரிமத்துக்கும் திறப்பதில் தடை என்ன? அக்கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் மக்களவையிலும் மாநிலங்களவையிலும் இருக்கிறார்கள்.