தொட்டிற் கயிறு பற்றிய தாய்

மலிவான வர்ணப் படமென்றாற் கலை விமரிசகர் முகஞ் சுளிப்பர். ஆயினும், தாம் தீட்டிய ஓவியமொன்று கடைத்தெருவில் விற்கும் மலிவு அச்சுப் படத்தைப் போன்றிருப்பதாகத் தாமே கடிதத்தில் எழுதிய மகா ஓவியர் ஒருவர் உளர். அவர் வின்சென்ட் வான் கோ, அவ்வோவியம் "தாலாட்டுபவள்".

தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில், தபாற் சேவையிலிருந்த ஜோசெப் ரூலன் என்பவர் வான் கோவுக்கு உற்ற நண்பர். அவருடைய மனைவி ஒகுஸ்தீன் 1888ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் மார்செல் என்னும் பெண் மகவை ஈன்றாள். அத்தாயையே ஓவியர் வரையத் தொடங்கினார். ஒளியின் கணநேரத் தோற்றத்தைத் தீட்டிய மனப்பதிவு ஓவியருக்குப் பின்வந்த அவர், நிறத்தாலேயே உள்ளத்துணர்வைப் புலப்படுத்த முயன்றவர். பச்சை ஆடை, சிவந்த தரை, பின்சுவரெங்கும் மலர்கள். மடிமீது சேர்ந்த கைகளிலே, தொட்டிலை ஆட்டும் கயிறு. ஆனால், தொட்டிலோ படத்தில் இல்லை!

இக்கருத்து எங்ஙனம் பிறந்தது? அந்நாளில் தம்முடன் தங்கியிருந்த ஓவியர் கோகானுடன், ஐஸ்லாந்துக் கடலில் மீன்பிடிப்போரின் தனிமையைப் பற்றி வான் கோ உரையாடினார். அத்தகையோரின் படகறையிலே இப்படம் தொங்குமாயின், அலையின் ஆட்டம் தொட்டிலின் ஆட்டமாகும். சிறு வயதிற் கேட்ட தாலாட்டு அவர்கள் நெஞ்சில் மீண்டும் எழும் என்று அவர் எண்ணினார்.

படம் முடியுமுன் பேரிடி விழுந்தது. 1888 டிசம்பர் 23ஆம் திகதி இரவு, சித்தங் கலங்கிய நிலையில் அவர் தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டார். ஜனவரியில் வைத்தியசாலையிலிருந்து மீண்டவர், விட்ட அப்படத்தையே மறுபடி கையிலெடுத்தார். ஒன்றோடு அமையாது, சில மாதங்களுள் ஐந்து படங்கள் தீட்டினார். தேறுதல் வேண்டி நின்றோர் மீனவர் மட்டுமல்லர் போலும்! அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையை ஒகுஸ்தீனுக்கே அளித்தார். அவள் மிகச் சிறந்ததையே எடுத்துக்கொண்டாள் என்று அவர் பாராட்டி எழுதினார்.

இன்று அவ்வைந்தும் ஆம்ஸ்டர்டாம், ஒட்டர்லோ, நியூயோர்க், பொஸ்டன், சிக்காகோ ஆகிய இடங்களிலுள்ள நூதனசாலைகளுக்கு உரியவை. நம்மிற் பலர் காண்பது அச்சுப் பிரதியையே. ஏறக்குறைய மூன்றடி உயரமுள்ள மூலம் அதிற் குறுகிவிடுகிறது. தூரிகைத் தடங்களின் தடிப்பு மறைகிறது. பச்சையும் சிவப்பும் பிரதிக்குப் பிரதி வேறுபடுகின்றன. இக்குறைகள் மெய்யே. எனினும், எளியோர் இல்லத்துச் சுவரில் தொங்கும் பிரதி இவ்வோவியருக்குச் செய்யும் அவமதிப்பன்று. மாளிகை போன்ற நூதனசாலையினும் அச்சுவரே அவர் நினைந்த படகறைக்கு அண்மையானது.

இப்பிரதியைக் காணும் மாணவர், முகத்தை மட்டும் நோக்கி அமையாது கைகளையும் நோக்குவாராக. கயிறு படத்தின் விளிம்பைக் கடந்து வெளியே செல்கிறது. அங்கே, தொட்டில் இருக்கவேண்டிய பக்கத்தில், நிற்பவர் நாமே.