முகம் காட்டாத டாலி

மாஸ் எஃபெக்ட் என்ற அறிவியல் புனைவு விளையாட்டு வரிசையில் நாயகனோடு விண்கலத்தில் பயணம் செய்யும் துணைப் பாத்திரங்கள் பலர். அவர்களில் ரசிகர்களின் அன்பை அதிகம் பெற்றவர்கள் என்று ஒரு சிலரைச் சொன்னால், அந்தப் பட்டியலில் டாலி ஸோரா கட்டாயம் இருப்பாள். மூன்று விளையாட்டுகளில் உடன் வந்தும் அவள் முகத்தை ரசிகர்கள் சரியாகப் பார்த்ததில்லை. தலையைச் சுற்றிய பூவேலைத் துணி, முகத்தை மூடிய ஊதா நிறக் கண்ணாடி, அதற்குள் மங்கலாக ஒளிரும் இரண்டு கண்கள், மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு நிழல். திரையில் தெரிவது இவ்வளவுதான். கைக்கு மூன்று விரல்கள் என்பதும், நடையில் முழங்கால் சற்று வேறு விதமாக வளைவதும் அவள் மனிதப் பெண் இல்லை என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

கனடாவின் எட்மண்டன் நகரில் உள்ள பயோவேர் நிறுவனம் இந்த வரிசையை உருவாக்கியது. முதல் விளையாட்டு 2007 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வந்தது. இரண்டாவது 2010 ஜனவரியிலும் மூன்றாவது 2012 மார்ச்சிலும் வெளியாயின. விளையாடுபவர் தளபதி ஷெப்பர்ட் ஆகிறார். ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பது அவர் விருப்பம். சண்டைகளுக்கு நடுவே நார்மண்டி என்ற தன் கலத்துக்குள் சுற்றி வந்து, சக பயணிகளிடம் நின்று பேசலாம். என்ன கேட்பது, என்ன பதில் சொல்வது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கிறார். ஒரு விளையாட்டில் எடுத்த முடிவுகளைச் சேமித்து அடுத்ததற்குக் கொண்டு செல்ல முடியும் என்பதுதான் இந்த வரிசையின் தனிச் சிறப்பு. முதல் பாகத்தில் டாலியிடம் பேசியதும் அவளுக்கு உதவியதும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மூன்றாம் பாகத்திலும் கணக்கில் வந்தன. மூன்று பாகங்களையும் வெளியானபோதே விளையாடிய ஒருவருக்கு அவள் நான்கு ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம்.

டாலியின் முகமூடி மர்மத்துக்காக மாட்டப்பட்ட அலங்காரம் இல்லை. கதைக்குள் அதற்கு உயிரியல் காரணம் ஒன்று சொல்லப்படுகிறது. இந்த வரிசையின் மிகச் சிறந்த கற்பனைகளில் அதுவும் ஒன்று. டாலி குவாரியன் இனத்தைச் சேர்ந்தவள். அந்த இனத்தின் தாய்க்கோள் ரன்னாக். அங்கே உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. செடிகள் பரவுவதே விலங்குகளின் துணையால்தான். நோய்க்கிருமிகள் மிகக் குறைவு. வெளியிலிருந்து உடலுக்குள் வருவதை எதிர்த்து அழிப்பதைவிட அதோடு ஒத்துப்போவதே அந்த உடலின் பழக்கம் ஆயிற்று. அப்படிப்பட்ட உடலோடு அந்த இனம் தாய்க்கோளை இழந்து, கிருமி நீக்கப்பட்ட கப்பல்களுக்குள் சுமார் முந்நூறு ஆண்டுகள் வாழ நேர்ந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த நோயெதிர்ப்பு ஆற்றல் அடியோடு குன்றியது. இப்போது உடையில் ஒரு கிழிசல் விழுந்தாலே காய்ச்சல். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பெற்ற பிள்ளையைக்கூட அவர்கள் வெற்றுக் கையால் தொடுவது அரிது. போதாக்குறைக்கு அவர்கள் உடலின் புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் மனிதருடையவற்றுக்கு நேர்மாறான அமைப்பு உடையவை. மனிதர் சாப்பிடும் சாப்பாடு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

தாய்க்கோளை இழந்த கதையும் சாதாரணமானதல்ல. வேலைக்காரர்களாகவும் போர்வீரர்களாகவும் பயன்பட கெத் என்ற எந்திரங்களை குவாரியன்களே படைத்தார்கள். வலைப்பின்னலாக இணைந்த அந்த எந்திரங்கள் மெல்ல மெல்லத் தன்னுணர்வு பெற்றன. தமக்கு ஆன்மா உண்டா என்று அவற்றில் ஒன்று கேட்டபோது படைத்தவர்கள் நடுங்கிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தி அழிக்க உத்தரவிட்டார்கள். போர் மூண்டது, கெத் வென்றது. உயிர் தப்பியவர்கள் கப்பல்களில் ஏறினார்கள். கதை நடக்கும் காலத்தில் சுமார் ஐம்பதாயிரம் கலங்கள், ஒரு கோடியே எழுபது லட்சம் பேர். அந்தக் கப்பல்கூட்டமே அவர்களின் நாடு. இடமும் உணவும் தட்டுப்பாடு என்பதால் குடும்பத்துக்கு ஒரே பிள்ளை. மற்ற இனங்கள் அவர்களை நாடோடிகள், திருடர்கள் என்று ஒதுக்குகின்றன. இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி: பணச்சில்லு ஒன்று காணாமல் போனதும், அருகில் நின்ற ஒரு குவாரியன் பெண்ணின் மேல் பழி விழுகிறது. தொலைத்தவர் அதை வேறொரு கடையில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார். கதையின் பெரும்போக்குக்குத் தேவையே இல்லாத இந்தச் சின்ன நிகழ்ச்சி, பக்கம் பக்கமான வரலாற்றுக் குறிப்பைவிட அந்த இனத்தின் நிலையை நன்றாகச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பின்னணியிலிருந்துதான் டாலி வருகிறாள். குவாரியன் இளைஞர்கள் பருவம் வந்ததும் பிறந்த கப்பலை விட்டு யாத்திரை புறப்பட வேண்டும். இனத்துக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தால்தான் வேறொரு கப்பலில் முழு உறுப்பினராகச் சேர முடியும். அவர்கள் பெயரிலேயே இந்த நிலை தெரிந்துவிடும். முதல் பாகத்தில் அவள் டாலி ஸோரா நார் ராயா, அதாவது ராயா என்ற கப்பலில் பிறந்தவள். யாத்திரையில் ஒரு கெத் எந்திரத்தின் நினைவகத்திலிருந்து அவள் மீட்டெடுத்த பதிவே கதையின் வில்லனான சாரனின் துரோகத்துக்குச் சான்று ஆகிறது. அதற்காகவே அவளைக் கொல்லப் பார்க்கிறார்கள்; ஷெப்பர்ட் தலையிட, அவள் நார்மண்டியில் சேர்கிறாள். அந்தப் பாகத்தில் அவளுக்குப் பெரிய காட்சிகள் அதிகமில்லை. எந்திர அறையில் நின்றுகொண்டு கலத்தின் இயக்கத்தை வியப்பதும், தன் மக்களைப் பற்றிக் கேட்டால் கேட்டதற்கு மேலே சொல்வதும்தான் அவள் வேலை. கலத்தின் எந்திர ஒலி குறைவாக இருப்பதால் தூக்கம் வரவில்லை என்கிறாள். அவள் வளர்ந்த கப்பல்களில் எந்திரம் அமைதியானால் ஏதோ பழுதாகிவிட்டது என்று பொருள். அகதி வாழ்வை இவ்வளவு சுருக்கமாக, அனுதாபம் கேட்காமல் சொன்ன இடங்கள் விளையாட்டுகளில் குறைவு.

முகம் தெரியாத ஒருத்தியிடம் இத்தனை பேருக்குப் பிடிப்பு வந்ததற்கு அந்தக் காலத் தொழில்நுட்பமும் ஒரு காரணம் என்று கருத இடம் உண்டு. 2007இல் கணினி வரையும் மனித முகங்கள் பொம்மைத்தனத்திலிருந்து முழுதாக விடுபடவில்லை. கண்ணும் உதடும் பேச்சோடு சரியாகச் சேராமல், உணர்ச்சிமிக்க காட்சிகளில்கூடப் பார்ப்பவரை விலக்கி நிறுத்தும். டாலிக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவள் பேசும்போது முகமூடியின் வாய்ப்பகுதியில் ஒரு சிறு விளக்கு மட்டும் மின்னும். மற்றதெல்லாம் குரலும் உடலும். பதற்றத்தில் விரல்களைப் பிசைவாள், வெட்கம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள், கோபத்தில் தோள் விறைக்கும். குரல் கொடுத்தவர் ஆஷ் ஸ்ரோகா. அக்கால விளையாட்டுகளில் அவர் பெயர் லிஸ் ஸ்ரோகா என்று இடம்பெற்றது. எந்த நாட்டு உச்சரிப்பு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாத ஒரு சாயலை அவர் அந்தக் குரலுக்குக் கொடுத்தார். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: குரல் மட்டும் கிடைத்தால் முகத்தை மனம் தானாக வரைந்துகொள்ளும், அந்த முகத்தில் குறையும் இருக்காது.

முதல் பாகத்தில் ஷெப்பர்ட் காதலிக்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான். டாலி அவர்களில் இல்லை. ஆனால் ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பறவைச் சாயல் கொண்ட டூரியன் என்ற இன்னொரு வேற்றினத்தைச் சேர்ந்த தோழனான கேரஸுக்காகவும் அதே கோரிக்கை எழுந்தது. இரண்டாம் பாகத்தில் இருவரும் காதலுக்குரியவர்கள் ஆனதற்கு அந்தக் கோரிக்கையே காரணம். டாலியை விரும்பும் ரசிகர்களுக்கு டாலிமான்சர் என்று ஒரு பட்டப்பெயரும் நிலைத்தது. காதல் ஆண் ஷெப்பர்டுக்கு மட்டுமே என்ற வரம்பு பெண் ஷெப்பர்டாக விளையாடிய பலருக்கு வருத்தம்தான். அவர்களுக்கு அவள் கடைசி வரை தங்கை போலவும் தோழியாகவும் நின்றாள்.

இரண்டாம், மூன்றாம் பாகங்களில் டாலியின் பகுதியை எழுதியவர் பேட்ரிக் வீக்ஸ். நோயெதிர்ப்பு இல்லாத உடல் என்ற பழைய அறிவியல் குறிப்பை அவர் காதல் கதையின் மையமாக்கினார். முகமூடியைக் கழற்றுவது அவளுக்கு உயிரைப் பணயம் வைப்பது. அதற்காக மருந்துகள் எடுத்துக்கொண்டு, விவரங்களை எல்லாம் படித்து முடித்து, கடைசியில் ஷெப்பர்ட் முன் வந்து நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் உளறிக் கொட்டுகிறாள். முகமூடி அகலும் கணத்தில் காட்சி அவள் தலைக்குப் பின்னாலிருந்து தெரிகிறது. ஷெப்பர்ட் பார்க்கிறான், விளையாடுபவர் பார்ப்பதில்லை.

அதே பாகத்தில் அவள் மீது அவள் மக்களே தேசத்துரோக வழக்குத் தொடுக்கிறார்கள். உயிருள்ள கெத் எந்திரங்களைக் கப்பல்கூட்டத்துக்கு அனுப்பினாள் என்பது குற்றச்சாட்டு. அனுப்பியவை உதிரி பாகங்கள்தான். அவற்றைக் கொண்டு ஆபத்தான சோதனை நடத்தியது அவள் தந்தையும் படைத்தலைவர்களில் ஒருவருமான ரயேல் ஸோரா. அந்தச் சோதனையிலேயே அவர் இறந்துபோகிறார். சான்று ஷெப்பர்ட் கையில் கிடைக்கிறது. அதைக் கொடுத்தால் டாலி விடுதலை, தந்தையின் பெயருக்கு நிரந்தர அழுக்கு. கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சுபவள் டாலிதான். விசாரணை தொடங்கும்போதே அவளை டாலி ஸோரா வாஸ் நார்மண்டி என்று அழைக்கிறார்கள். அவளுடைய கப்பல் இனி நார்மண்டிதான் என்று ஆகிவிட்டதால், கப்பல் தலைவர் என்ற முறையில் அவளுக்காக வாதாடும் பொறுப்பு ஷெப்பர்டுக்கு வருகிறது. தந்தையின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்தது மகளுக்குக் கொடுத்த ஒரு வாக்கு: ரன்னாக்கில் உனக்கு ஒரு வீடு கட்டித் தருவேன் என்பது.

சோகத்திலேயே அவளை மூழ்கடித்திருந்தால் இவ்வளவு அன்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அவள் வேடிக்கையானவளும்கூட. தன் போர்க் குறும்பொறிக்குச் சிக்டிக்கா என்று பெயர் வைத்து, எதிரியின் கண்ணைக் குறிவைக்கச் சொல்லிக் கூவுகிறாள். பயோவேரின் பழைய பால்டர்ஸ் கேட் விளையாட்டில் மின்ஸ்க் என்ற வீரன் தன் செல்ல வெள்ளெலிக்கு இடும் கட்டளையின் குறும்பான எதிரொலி அது. மூன்றாம் பாகத்தில் ஒருநாள் முகமூடியின் துளை வழியாக உறிஞ்சுகுழலில் குடித்துப் போதை ஏறி, அதை உறிஞ்சுகுழல் என்று ஷெப்பர்ட் சொன்னதும் இல்லை, அது அவசரகால உட்செலுத்து வழி என்று திருத்துகிறாள். 2013இல் வந்த சிட்டடெல் என்ற கூடுதல் பகுதியில் அவள் குவாரியனும் டூரியனும் காதலிக்கும் பழைய படம் ஒன்றை உருகி உருகிப் பார்க்கிறாள்.

மூன்றாம் பாகத்தில் அவள் படைத்தலைவர்களில் ஒருத்தி. குவாரியன்கள் ரன்னாக்கை மீட்கப் போர் தொடுத்திருக்கிறார்கள். இரு தரப்பையும் சமாதானம் செய்ய ஒரு வழி உண்டு. ஆனால் அது முந்தைய பாகத்தில் டாலியின் வழக்கு முடிந்த விதத்தையும், லீஜியன் என்ற கெத் தோழனோடு அவளுக்கு வந்த சண்டையை ஷெப்பர்ட் தீர்த்து வைத்தாரா என்பதையும் பொறுத்தது. வழி அடைபட்ட நிலையில் கெத் பக்கம் நின்றால் கப்பல்கூட்டம் முழுவதும் அவள் கண் முன்னே அழியும். அவள் மலை விளிம்பிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து விழுகிறாள். பழைய சேமிப்புக்குத் திரும்பி, இரண்டாம் பாகத்திலிருந்தே மறுபடி விளையாடத் தூண்டும் காட்சி இது. சமாதானம் கைகூடினால் மூதாதையர் மண்ணில் நின்று, தன் வீடு வரப்போகும் இடத்தைக் காட்டுகிறாள். கெத் எந்திரங்களே குவாரியன் உடைகளுக்குள் புகுந்து, நோயெதிர்ப்பு ஆற்றலை மெல்ல மெல்லப் பழக்கத் தொடங்குகின்றன.

இவ்வளவு கவனமாகக் காத்த முகத்தைப் பயோவேர் கடைசியில் காட்டிய விதம் விந்தையானது. டாலியைக் காதலித்த ஷெப்பர்டின் படுக்கையருகே, ரன்னாக் நிகழ்ச்சிக்குப் பின், சட்டம் போட்ட ஒரு நிழற்படம் தோன்றும். அதில் இருந்தது விளம்பரங்களுக்காக விற்கப்படும் பொதுப் படம் ஒன்று. ஒரு மனித மாடலின் விரல்களையும் கண்களையும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். மூலப்படத்தை ரசிகர்கள் விரைவிலேயே கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் அழகில்லை என்பது யாருடைய குறையும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கும் மேலான மனக்கணக்கைக் கடைச்சரக்கு ஒன்றால் தீர்த்துவிட்டார்களே என்பதுதான் மனத்தாங்கல். மூன்றாம் பாகத்தின் முடிவைப் பற்றி எழுந்த பெரும் எதிர்ப்போடு சேர்ந்து இந்தக் கோபமும் பெருகியது. ரசிக ஓவியர்கள் அதற்கு முன்பும் பின்பும் தங்கள் டாலியை வரைந்துகொண்டேதான் இருந்தார்கள். சிலருடைய டாலி மனிதச் சாயலில், சிலருடையவள் முற்றிலும் வேற்றுயிராக. வேடம் புனையும் கூடல்களில் அவள் உடையைத் தைத்து அணிபவர்களும் உண்டு. பூவேலைத் துணியும் மூன்று விரல் கையுறையும் ஊதாக் கண்ணாடியும் சரியாக அமைந்தால் போதும், உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் டாலி.

மூன்று பாகங்களையும் மெருகேற்றி 2021 மே மாதம் லெஜெண்டரி எடிஷன் என்ற தொகுப்பாக வெளியிட்டபோது, பயோவேர் அந்தப் படத்தை நீக்கிவிட்டுப் புதிய ஒன்றை வைத்தது. விளையாட்டின் மற்ற உருவங்களோடு ஒட்டிப்போகும் வேற்றினப் பெண்ணின் முகம் அதில் இருக்கிறது. பெரும்பாலும் வரவேற்பே கிடைத்தது; தாங்கள் கற்பனை செய்த முகம் இது இல்லை என்றவர்களும் உண்டு. காதல் பாதையைத் தேர்ந்தெடுக்காதவர்களின் விளையாட்டில் அந்தப் படம் வருவதே இல்லை.