ஜன்னலா, ஆப்பிளா, பெங்குவினா?

ப்ரோகிராம் எழுதுவதற்காக முதல் லாப்டாப் வாங்குகிறவருக்கு இலவசமாகக் கிடைப்பவை இரண்டு: ஒரு தோள்பை, ஊர்ப்பட்ட அட்வைஸ். "மேக் வாங்குடா, அதான் கெத்து!" என்பான் ஒருத்தன். "லினக்ஸ் தெரியாதவன் ப்ரோகிராமரே இல்லை" என்பான் இன்னொருத்தன். இ.எம்.ஐ. கட்டப் போவதென்னவோ நீங்கள்தான்.

என் ஆபீஸ் பையன்கள் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீ எழுதறது கடைசியில எங்கப்பா ஓடப் போகுது?"

ஐஃபோனிலா? பேச்சே இல்லை, மேக். ஆப்பிளின் எக்ஸ்கோட் மேக்கில்தான் ஓடும். விண்டோஸ் டெஸ்க்டாப் சாஃப்ட்வேரா? விண்டோஸ். முடிந்தது.

வெப்சைட், சர்வர் என்றால்தான் சுவாரஸ்யம். சர்வர்களில் பெரும்பாலும் லினக்ஸ் ராஜ்யம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சின்கி மாணவர் பொழுதுபோக்காக ஆரம்பித்த சமாசாரம். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் அதுதான்!

இங்கேதான் ஒரு கண்ணி. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸும் மேக்கும் சாதாரணமாகக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸ் பார்க்கும். ஃபைலுக்குப் பெரிய 'எல்' போட்டு 'லோகோ' என்று பெயர் வைத்து, ப்ரோகிராமில் சின்ன 'எல்' போட்டால், உங்கள் மேஜையில் சமத்தாக ஓடும். சர்வரில் ஏற்றியதும், "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று கையை விரிக்கும். அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து! (எங்கள் பையன் ஒருத்தன் இதனால் கடைசி பஸ்ஸை விட்டிருக்கிறான்.)

அதற்காக விண்டோஸை விரட்ட வேண்டாம். 2016-ல் மைக்ரோசாஃப்டே, டபிள்யூ.எஸ்.எல். என்ற பெயரில், வீட்டுக்குள் லினக்ஸுக்கு ஒரு போர்ஷன் ஒதுக்கியது. 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அசல் லினக்ஸ் கெர்னலே குடிவந்துவிட்டது. ஃபைல்களையும் அந்தப் போர்ஷனிலேயே வையுங்கள். எழுத்து வித்தியாசம் மேஜையிலேயே மாட்டிக்கொள்ளும், வேகமும் கிடைக்கும்.

கையில் பழைய லாப்டாப்பா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்றால் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு, மூடித் திறந்தால் முழிப்பு... மூன்றும் சரியா? இ.எம்.ஐ. ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ரேம் மாற்ற இடமிருக்கிறதா என்று பாருங்கள்.