முதலில் கேட்போம்

உரிமம் பெற்று, தம் இல்லத்திலிருந்தே வானொலி வழியாக உலகோடு உரையாடும் அமெச்சூர் வானொலியாளரை 'ஹாம்' என்பர். ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் இறுதியில் இவர்களுக்கு 48 மணி நேர உலகப் போட்டிகள் நடைபெறுகின்றன. பிற கண்டத்தாரோடு கொள்ளும் ஒவ்வொரு தொடர்புக்கும் மூன்று மதிப்பெண். சொந்த நாட்டாரோடு பேசினால் மதிப்பெண் ஏதுமில்லை.

ஆற்றல் மிகுந்த கருவி உடையவரே வெல்வார் என நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. சிற்றலைகளை மீண்டும் மண்ணுலகிற்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் கதிரவனின் ஆட்சிக்கு உட்பட்டது. பகலில் 10, 15 மீட்டர் அலைகள் கடல்களைக் கடக்கும். இரவில் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். 40, 80 மீட்டர் அலைகளோ இரவில்தான் நெடுந்தொலைவு எட்டும். பகலில் அவற்றை விழுங்கும் கீழடுக்கு இருள் சூழ்ந்ததும் மறைந்துவிடுவதே காரணம். கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை பெருகும்போது 10 மீட்டர் வழி அகலத் திறக்கும். குறையும்போது நாட்கணக்கில் அமைதியே நிலவும். எவ்வளவு உரக்கக் கூவினாலும் மூடிய வழி திறப்பதில்லை. எனவே, தேர்ந்தவர் முதலில் கேட்கிறார். எந்த வழி திறந்துள்ளது என்று தேடி, இரைச்சலின் அடியில் தேய்ந்தொலிக்கும் குரலைப் பிரித்தறிகிறார்.

இப்பயிற்சி வெறும் பொழுதுபோக்கா? 2004 டிசம்பரில் இந்திய ஹாம்களின் குழுவொன்று அந்தமானுக்குச் சென்றிருந்தது. அங்கிருந்து வானொலித் தொடர்பு கிடைப்பது அரிதாகையால், உலகெங்குமிருந்து ஹாம்கள் அவர்களை அழைத்தவண்ணம் இருந்தனர். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஆழிப்பேரலை எழுந்தது. வேளாங்கண்ணியில் நாம் கண்ணீர் வடித்த அதே ஞாயிற்றுக்கிழமை! தீவுகளில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. குழுவினர் தம் ஆட்டத்தை நிறுத்தினர். அதே கருவிகளால் துயர்ச் செய்திகளை ஏற்று, உறவினரின் நலம் அறியத் தவித்தோருக்குச் சேர்ப்பித்தனர். அரிய குரல்களைத் தேடிப் பழகிய செவிகள் அன்று அபயக்குரல்களைக் கேட்டன.

ஓரேபு மலையில் எலியா இறைவாக்கினர் ஆண்டவரைப் புயலிலோ நிலநடுக்கத்திலோ நெருப்பிலோ காணவில்லை. மெல்லிய ஒலியிலேயே உணர்ந்தார். நம் இல்லங்களிலும் உரத்த குரல்களுக்குக் குறைவில்லை. ஆயினும், மூலையில் அமர்ந்திருக்கும் முதிய தாயின் முனகல், தேர்வில் தோற்ற மகனின் மௌனம் ஆகியவை நம் செவிக்கு எட்டுகின்றனவா? சொந்த வீட்டாரோடு பேசுவதற்குப் போட்டியில் மதிப்பெண் இல்லாதிருக்கலாம். இறைவனின் கணக்கில் நிச்சயம் உண்டு. இன்று மாலைக் குடும்பச் செபத்திற்குப்பின் சிறிது நேரம் வாய்மூடி அமர்வோம். ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுப்போம்.