மாதவிலக்கு நின்றுவிட்டதா? அறிவது எப்படி?

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தாய்மார்கள் பலருக்கும் இந்த ஐயம் எழுவதுண்டு. இரண்டு மூன்று மாதமாக விலக்கு வரவில்லை. நின்றேவிட்டதா, மறுபடி வருமா? ஊராக இருந்தால் அக்காவிடமோ அத்தையிடமோ கேட்கலாம். எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் ஹூஸ்டனிலும் அப்படிக் கேட்க அருகில் ஆள் இருப்பதில்லை.

மருத்துவம் கூறும் விடை எளியது. தொடர்ந்து 12 மாதங்கள் விலக்கு வராதிருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். பதினோராவது மாதத்தில் வந்துவிட்டால் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு என்பதை மறக்கலாகாது.

சினைப்பைகள் ஒரே நாளில் ஓய்ந்துவிடுவதில்லை. ஒரு மாதம் வேலை செய்யும், மறுமாதம் செய்யாது. ஹார்மோன் அளவும் அதற்கேற்ப ஏறி இறங்கும். ஆகவே 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஒருமுறை செய்யும் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லாது. வீட்டு நாட்காட்டியில் தேதியைக் குறித்து வருவதே மேல்.

உடம்பில் திடீரென அனல் பரவி வியர்ப்பதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட இயலாது. நியூஜெர்ஸியின் நுவர்க், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் உள்ளிட்ட ஏழு இடங்களில், 3,302 பெண்களைக் கொண்டு 1996-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அடிக்கடி அனல் கண்டவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. விலக்கு நிற்கும் முன்பே அனல் தொடங்கலாம்; நின்ற பிறகும் தொடரலாம்.

அமெரிக்கப் பெண்களுக்குச் சராசரியாக 51, 52 வயதில் விலக்கு நிற்கிறது; இந்தியாவில் 46 வயதை ஒட்டி. எனவே நம் பெண்கள் 46-இல் பயப்பட வேண்டியதில்லை. நாற்பதுக்கு முன் நின்றால் மட்டும் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கும் ஹார்மோன் மருந்து உட்கொள்பவர்களுக்கும் இந்த 12 மாதக் கணக்கு பொருந்தாது.

இனி முக்கியமான செய்தி. ஓராண்டு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது "மறுபடி வந்த விலக்கு" அல்ல. பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயாரோ மாமியாரோ, "இந்த நாட்டில் டாக்டர் செலவு அதிகம், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இதைச் சொல்லாமலே இருந்துவிடுவதுண்டு. மகளோ மருமகளோ தனியே அமர்ந்து, கூச்சம் பாராமல் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.